'சிஸ்டத்துல இல்ல': பார்கோடு வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற மாதம் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் பில் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட். பில் போடுகிற பெண் அதைக் கண்ணாடிமேல் இப்படித் திருப்பிக் காட்டினார், அப்படித் திருப்பிக் காட்டினார். 'பீப்' சத்தம் வரவில்லை. கோடுகளுக்குக் கீழேயிருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அப்பவும் ஒன்றும் வரவில்லை. 'இது சிஸ்டத்துல இல்ல சார், வேற எடுத்துக்குங்க' என்றார். 'இதுலயே நாப்பது ரூபான்னு போட்டிருக்கேம்மா, வாங்கிக்கயேன்' என்றேன். 'அப்படியெல்லாம் வாங்க முடியாது சார்.' பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. பொருள் இருக்கிறது. அதன்மேல் விலை அச்சாகியிருக்கிறது. விற்கக் கடை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, சட்டைப்பையில் பணமும் இருக்கிறது. ஆனாலும் விற்பனை நடக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளைவிட, எங்கேயோ இருக்கிற ஒரு பட்டியலில் அதன் எண் இருப்பதுதான் அதிகம் 'உண்மை' என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை மீறுகிற அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. பொருளைவிட எண் பெரிதாகிப்போன இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் அமெரிக்க மளிகைக்கடைகளின் வரலாறு.

2

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கு அங்கே என்ன பேரம் நடக்கிறதென்று தெரியாது. ஆனால் துண்டுக்குள் கைவிட்டிருக்கிற இரண்டு பேருக்கும் அந்த விரல்மொழி தெரியும். ரகசியம் வெளியாளுக்குத்தானே தவிர, பேரத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

ஒரே விலை, எல்லோருக்கும் அதே விலை, பேரம் கிடையாது என்பது மேற்கிலும் அவ்வளவு பழைய சங்கதி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் வனமேக்கர் போன்ற பெருங்கடைக்காரர்கள்தான் அதை விளம்பரப்படுத்திப் பரப்பினார்கள். ஆனால் மளிகைக்கடையில் அப்போதும் வாங்குபவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார். கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார், விலையும் சொல்வார். 1916இல் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தபோது இந்த மேசை காணாமல் போனது. வாங்குபவரே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியே வருகிற வழியில் காசு கட்ட வேண்டும். எடுத்துக்கொடுத்து விலை சொல்ல ஆள் இல்லை என்றால் விலையைச் சரக்கின் மேலேயே எழுதித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் விலை குத்துகிற வேலை இப்படித்தான் பெரிதாக வளர்ந்தது.

ஆக, எடுத்துக்கொடுக்கிறவரின் சம்பளம் மிச்சமானது. பதிலுக்கு இரண்டு புதிய செலவுகள் வந்தன: விலை குத்துகிறவரின் கூலி, வாசலில் வரிசை நகராமல் நிற்கும் நேரம். பார்கோடு இந்த இரண்டு செலவுகளுக்கு விடையாக வந்தது. 'தொழில்நுட்ப வளர்ச்சி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது இந்தக் கூலிக் கணக்கு மறைந்துபோகிறது.

3

1932இலேயே ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் வாலஸ் ஃபிளின்ட் என்ற மாணவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு மளிகைக்கடையைத் தானியங்கியாக்கலாம் என்று ஓர் ஆய்வேடு எழுதினார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் பயன்படுத்திய அதே வகை அட்டை. தலைகளை எண்ணப் பயன்பட்டதை டப்பாக்களை எண்ணவும் பயன்படுத்தலாம் என்பது யோசனை. பெருமந்தக் காலம், அது ஏட்டோடு நின்றுவிட்டது.

1948இல் ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஒரு மளிகைக்கடைச் சங்கிலியின் தலைவர் வந்தார். பில் போடும் இடத்தில் சரக்கின் விவரத்தைத் தானாகவே படிக்கிற ஒரு முறையைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று அவர் கேட்டதை பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர் காதில் வாங்கிக்கொண்டு போய், நார்மன் ஜோசஃப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு மயாமி கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தார். சிறுவயதில் சாரணர் படையில் படித்த மோர்ஸ் தந்திமொழி ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த குறியீட்டு மொழி. மணலில் புள்ளியும் கோடும் போட்டார். விரல்களைத் தன்பக்கமாகக் கீழே இழுத்தார். புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவும், கோடுகள் தடித்த பட்டைகளாகவும் நீண்டன.

1949 அக்டோபரில் இருவரும் விண்ணப்பித்த காப்புரிமை 1952 அக்டோபர் 7இல் கிடைத்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நேர்கோடுகளை வட்டமாக வளைத்து, வில்வித்தைக் குறிப்பலகை மாதிரியான வடிவத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் செய்து பார்த்த கருவியில் 500 வாட் விளக்கு எரிந்தது. அந்தச் சூட்டில் காகிதம் கருகிப் புகைந்ததாம். லேசர் வரவில்லை (அது 1960இல்தான் வந்தது), சிறிய கணினி வரவில்லை. 1962இல் காப்புரிமை 15,000 டாலருக்கு ஃபில்கோ கம்பெனிக்குப் போனது. அடுத்த ஆண்டே சில்வர் இறந்துவிட்டார். 1969இல் காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. எழுத்து ரெடி, வாசிக்கத்தான் கருவி இல்லை என்ற நிலையில் கால் நூற்றாண்டு கழிந்தது.

இடையில் ரயில்வேக்காரர்கள் வேறுவிதமாக முயன்றார்கள். 1967இல் அமெரிக்க ரயில்வேச் சங்கம் எல்லாச் சரக்குப் பெட்டிகளிலும் வண்ணப் பட்டைகள் ஒட்டச் செய்தது. கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டியும்விட்டார்கள். ஆனால் புழுதியும் கரியும் படிந்து படிக்க முடியாமல் 1970களின் பிற்பகுதியில் அதைக் கைவிட்டார்கள். அழுக்குப்படுகிற, அடிபடுகிற நிஜ உலகம் அந்தக் கோடுகளுக்கு ஒத்துவரவில்லை. குளிர்சாதனம் போட்ட, துடைத்துவைத்த கடையில்தான் அவை பிழைத்தன.

4

1970இல் அமெரிக்க மளிகை உற்பத்தியாளர்களும் கடைச் சங்கிலிகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ஹெய்ன்ஸ் கம்பெனியின் பர்ட் குக்கின் தலைவர். மெக்கின்சி ஆலோசகர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் எண்ணை ஒத்துக்கொண்டார்கள், பிறகுதான் எந்த வடிவம் என்று தேடினார்கள். ஆர்.சி.ஏ. நிறுவனம் அந்தப் பழைய வட்ட வடிவத்தை 1972இல் சின்சினாட்டியில் ஒரு குரோகர் கடையில் சோதித்தது. அச்சு இயந்திரத்தில் காகிதம் ஓடுகிற திசையில் மை இழுபட்டால் வட்டம் கெட்டுப்போகிறது. ஐ.பி.எம்.மின் ஜார்ஜ் லாரர் நேர்கோட்டுக்கே திரும்பினார். கோட்டின் நீளவாக்கில் மை இழுபட்டால் கோடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான், அகலம் மாறாது. 1973 ஏப்ரல் 3இல் லாரரின் வடிவம் தேர்வானது. உட்லண்டும் அப்போது ஐ.பி.எம்.மில்தான் இருந்தார்.

இந்தக் கோடுகளைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். மொத்த அகலம் 95 சம பங்கு. இரண்டு ஓரத்திலும் மும்மூன்று, நடுவில் ஐந்து, இவை எல்லைக் கோடுகள். மீதி 84இல் 12 எண்கள், ஓர் எண்ணுக்கு 7 பங்கு. ஒவ்வோர் எண்ணும் இரண்டு கருப்புப் பட்டை, இரண்டு வெள்ளைப் பட்டை. இடதுபாதியில் ஓர் எண்ணுக்குக் கருப்பாக இருப்பது வலதுபாதியில் அதே எண்ணுக்கு வெள்ளையாக இருக்கும். அதனால்தான் பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் கருவிக்குத் திசை தெரிந்துவிடுகிறது. தனியாக ஒரு கோட்டுக்கு அர்த்தமே இல்லை. பக்கத்துக் கோட்டிலிருந்து அது வேறுபடுவதில்தான் அர்த்தம் இருக்கிறது. சசூர் மொழியைப் பற்றிச் சொன்னதை ஐ.பி.எம். பொறியாளர் மையில் அச்சடித்துக் காட்டிவிட்டார் என்று தோன்றும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மொழியில் குறிப்பானும் குறிப்பீடும் பேசுகிற சமூகத்தின் பொதுச்சொத்து. 'மரம்' என்றால் என்ன என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பார்கோட்டில் குறிப்பான் மட்டும் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. அதற்கான அகராதி கடைமுதலாளியின் கணினியில் இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல அந்தக் கோடுகளில் விலை இல்லை. பொருளின் பெயர்கூட இல்லை. வெறும் எண், அவ்வளவுதான். (கடையிலேயே எடைபோட்டு ஒட்டுகிற சீட்டுகளில் மட்டும் விலையைப் பொதிந்து வைப்பதுண்டு.) விலை என்ன என்று கணினியிடம்தான் கேட்க வேண்டும். அதை மாற்ற டப்பாவைத் தொடவே வேண்டாம், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

துண்டுக்கடியில் பேசின விரல்மொழியை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே வெளியாளுக்குத்தான் ரகசியம். இங்கே வாங்குகிறவரே வெளியாளாகிவிட்டார்.

5

1974 ஜூன் 26, காலை 8.01. ஓஹியோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் ஷரோன் புக்கானன் பத்துப் பாக்கெட்டுகள் கொண்ட ஒரு ரிக்லி சூயிங்கம் கட்டைக் கருவிமேல் தள்ளினார். 67 சென்ட் என்று விழுந்தது. வாங்கியவர் கிளைட் டாசன். இவர் யார் என்றால், அதே மார்ஷ் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். உலகின் முதல் பார்கோடு விற்பனை, கம்பெனி தன் கடையில் தானே வாங்கிக்கொண்ட விற்பனை.

கடைச் சங்கிலிகள் எதிர்பார்த்த லாபத்தில் ஒரு முக்கியப் பங்கு, டப்பா ஒவ்வொன்றிலும் விலை குத்துவதை நிறுத்துவதிலிருந்து வரவேண்டியது. அலமாரியில் ஒரு சீட்டு ஒட்டினால் போதாதா என்றார்கள். நுகர்வோர் அமைப்புகளும் கடைத் தொழிலாளர் சங்கமும் எதிர்த்தன. இரண்டு தரப்புக்கும் காரணம் வேறுவேறு. தொழிலாளிக்கு அது வேலை. வாங்குபவருக்கு அது ஞாபகம்: போன வாரம் வாங்கிய டப்பாவில் என்ன விலை இருந்தது, இந்த வாரம் என்ன ஏறியிருக்கிறது என்று வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற உரிமை. 1970களின் பணவீக்கத்தில் அது லேசான விஷயமில்லை. மிச்சிகன், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் ஒவ்வொரு சரக்கிலும் விலை இருந்தே தீரவேண்டும் என்று விதி கொண்டுவந்தன. மிச்சிகனின் 1976 சட்டம் ஒரு படி மேலே போனது. கருவி கூடுதலாக விலை போட்டுவிட்டால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதோடு அதன் பத்து மடங்கையும் தரவேண்டும். குறைந்தது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர். சரக்கில் விலை குத்துகிற கட்டாயத்தை அந்த மாநிலம் 2011இல் நீக்கிவிட்டது. அபராதத்தை மட்டும் விட்டுவைத்தது.

அப்போ கருவி நம்மை ஏமாற்றியதா? நம்முடைய கோபத்துக்கு வசதியாக 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். 1996இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் கடைகளில் சோதித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து சரக்குகளில் விலை தப்பாக விழுந்தது. ஆனால் கூட்டிப் போட்டதைவிடக் குறைத்துப் போட்டது கொஞ்சம் அதிகம். 1998இல் மறுபடி பார்த்தபோது தப்பு இன்னும் குறைந்திருந்தது. அதாவது இது களவாணித்தனம் பற்றிய பிரச்சினை இல்லை. கணினி நேர்மையாகவே இருக்கலாம். அது நேர்மையாக இருக்கிறதா என்று சரிபார்க்கிற ஆதாரத்தை வாங்குபவர் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. ஏமாற்றப்படுவது வேறு, ஏமாற்றப்படவில்லை என்று நம்பியே ஆகவேண்டிய இடத்தில் நிறுத்தப்படுவது வேறு.

6

மெக்கின்சி ஆலோசகர்கள் லாபத்தை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள்: உடனே எண்ணிப் பார்க்கக்கூடிய கூலி மிச்சம், பின்னால் வரக்கூடிய தகவல் லாபம். முன்னதை நம்பித்தான் பணம் போட்டார்கள். ஆனால் உலகத்தை மாற்றியது பின்னதுதான்.

அதுவரை எந்தச் சோப்பு எவ்வளவு விற்கிறது என்பது உற்பத்தியாளருக்குத்தான் ஓரளவு தெரியும். ஏ.சி. நீல்சன் நிறுவனத்தின் ஆட்கள் 1930களிலிருந்து கடைகடையாகப் போய்க் கையிருப்பை எண்ணி அறிக்கை தருவார்கள். அதை விலைகொடுத்து வாங்கிய சோப்புக் கம்பெனி கடைக்காரரிடம் வந்து 'எங்க சரக்குக்கு முன்வரிசை கொடு' என்று அதட்டும். பார்கோடு வந்தபிறகு ஒவ்வொரு 'பீப்'பும் கடைச் சங்கிலியின் கணினியில் ஒரு வரியானது. அறிவு கை மாறியது, அதோடு அதிகாரமும். 1980களில் வால்மார்ட் போன்ற சங்கிலிகள், எந்தச் சரக்கை எப்போது எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று உற்பத்தியாளருக்கே சொல்ல ஆரம்பித்தன.

இதே வரிகள் தொழிலாளியையும் எழுதின. யார், எந்த நிமிடத்தில், எத்தனை சரக்கைத் தள்ளினார் என்பதும் அதில் இருக்கிறது. ஹாரி பிரேவர்மனின் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' வெளிவந்ததும் அதே 1974இல்தான். கடைத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளி மாதிரி ஆகப்போகிறார் என்று அதில் அவர் அப்போதே கணித்தார். பழைய காசாளருக்கு நூற்றுக்கணக்கான விலைகள் மனப்பாடம். அந்த ஞாபகம்தான் அவருடைய தொழில்திறன், சம்பளம் கேட்கிறபோது அவருடைய பலம். அது கணினிக்குள் போனது. அவரிடம் மிஞ்சியது மணிக்கட்டு. இன்றைக்கு இது கிடங்குகளில் முற்றி நிற்கிறது. அமேசானின் கிடங்குகளில் தொழிலாளி கையிலிருக்கிற கருவி ஒரு பொட்டலத்துக்கும் அடுத்த பொட்டலத்துக்கும் இடையிலுள்ள நேரத்தையும் கணக்கு வைத்தது. கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்ற புகார்களுக்குப் பிறகு, கிடங்குத் தொழிலாளர்களுக்கு விதிக்கும் இலக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் சொல்லியாகவேண்டும் என்று கலிஃபோர்னியா 2021இல் சட்டம் செய்தது. பொட்டலத்தை வாசிக்கவென்று வந்த கருவி, அதைப் பிடித்திருக்கிற கையை வாசித்துக்கொண்டிருக்கிறது.

7

இந்தக் கோடுகளின் சர்வதேச அரசியல் ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. அமெரிக்க எண் 12 இலக்கம். 1977இல் ஐரோப்பியர்கள் பிரஸ்ஸல்ஸை மையமாகக் கொண்டு தங்கள் சங்கத்தை அமைத்தபோது அவர்களுக்குக் கூடுதலாக ஓர் இலக்கம் தேவைப்பட்டது. அகலத்தைக் கூட்டினால் அமெரிக்க வடிவத்தோடு ஒத்துப்போகாது. அதனால் 13ஆவது எண்ணுக்குத் தனிக்கோடு போடாமல், இடதுபக்க ஆறு எண்களையும் எழுதும் விதத்தை மாற்றி, அந்த மாற்றத்தின் ஒழுங்கிலேயே அதை ஒளித்துவைத்தார்கள். எல்லா நாட்டு பார்கோட்டிலும் முதல் எண் இப்படிக் கோடில்லாமல் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அந்த எண் பூஜ்யம். ஐரோப்பியக் கருவிகள் அமெரிக்கச் சரக்கைப் படித்தன. அமெரிக்கக் கடைகளில் பலவும் மற்றவர்களுடைய 13 எண்ணைப் படிக்கவில்லை. அங்கே விற்க விரும்பியவர்கள் தனியாக ஓர் அமெரிக்க எண் வாங்கவேண்டியிருந்தது. 2005 ஜனவரி முதல் அங்குள்ள கடைகளும் 13 எண்ணைப் படிக்கவேண்டும் என்று முடிவாகிற வரைக்கும், கிட்டத்தட்ட முப்பது வருஷம், மையம் தன்னை மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு 1996இல் தனி அமைப்பு வந்தது. நம்முடைய முன்னெண் 890, இலங்கைக்கு 479. '890 என்று ஆரம்பித்தால் சுதேசி, இல்லாவிட்டால் அந்நியச் சரக்கு' என்று வாட்ஸப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அது தப்பு. எந்த நாட்டு அமைப்பிடம் பதிவுசெய்து எண் வாங்கப்பட்டது என்பதை மட்டும்தான் அந்த மூன்று எண் சொல்லும். பொருள் எங்கே செய்யப்பட்டது, யாருடைய மூலதனம், யாருடைய உழைப்பு என்று சொல்லாது. பன்னாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளை 890 வாங்கலாம். சீனாவில் செய்த பொருளும் 890 போட்டுக்கொண்டு வரலாம். தன்னால் வாசிக்க முடியாத ஒன்றில் தேசத்தை வாசிக்கப் பார்க்கிற ஆசை இது. அமெரிக்காவில் 1980களில் எல்லைக் கோடுகளைப் பார்த்து 666 என்ற மிருகத்தின் எண் என்று பயந்தார்கள். அங்கே சாத்தான், இங்கே சுதேசி.

நிஜமாகவே வாசிக்க முடிகிற ஒன்று நம் பாக்கெட்டுகளில் இருக்கிறது. அதைத்தான் நாம் மதிப்பதில்லை. 1990இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். மிச்சிகன்காரர்கள் போராடி வாங்கி, 2011இல் இழந்தது நமக்குப் பெரிய சண்டை இல்லாமலே கிடைத்தது. அதற்கு மேல் வாங்கினால் தட்டிக்கேட்கலாம். படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் அது உச்சவரம்புதான். அதற்குக் கீழே இன்றைக்கு என்ன விலை, யாருக்கு என்ன தள்ளுபடி என்பதெல்லாம் மறுபடியும் சிஸ்டத்தில்தான்.

8

1994இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக, கோடுகளைச் சதுரமாக விரித்தார்கள். அந்தக் கியூஆர் சதுரம் இன்று நம்ம ஊர் டீக்கடையில் தொங்குகிறது. கடைக்காரராலும் அதை வாசிக்க முடியாது. கடைக்காரரின் சதுரத்துக்கு மேலே தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போய்ப் பணம் பறித்த செய்திகள் வருகின்றன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்லவைத்திருக்கிறோம். எழுத்து கைவிட்ட இடத்தில் குரல் வந்து நிற்கிறது.

கோடுகளைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போன மருந்தைத் திரும்பப்பெற, காலாவதித் தேதியைக் கண்காணிக்க இவை உதவும். கேள்வி எளிமையானது: அகராதி யாரிடம் இருக்கிறது? ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பதை வாங்குபவர், விற்பவர், வேலைசெய்பவர் மூவரும் வாசிக்க முடியவேண்டும் என்று கேட்பதில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

லாரர் ஒரு காரியம் செய்தார். கருவி தோற்றால் ஆள் தட்டிக்கொள்ளட்டும் என்று, கோடுகளுக்குக் கீழே எண்களையும் அச்சிட இடம் விட்டார். கடைசி எண் மற்ற எண்களிலிருந்து கணக்கிட்டு வருவது. நீங்களே பார்க்கலாம். உதாரணத்துக்கு 890123456789 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் 130. அடுத்த பத்துக்கு எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆகவே 13ஆவது எண் 0. பேப்பரும் பேனாவும் போதும். மொத்தக் கோடுகளிலும் எந்தக் கம்பெனியையும் கேட்காமல் நாமே சரிபார்க்க முடிகிறது இந்த ஒன்றைத்தான்.

மறுவாரம் அதே கடைக்குப் போனேன். அந்தக் கடலைமிட்டாய் அலமாரியில் இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். 'அது சிஸ்டத்துல ஏத்தவே இல்ல சார், திருப்பி அனுப்பிட்டாங்க' என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'நல்லாதான் இருக்கும் சார், எங்க தெருக்கடையில கிடைக்குது' என்றார். எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.